கெடு நாளும் கிழச் சிங்கமும்

மாசி மாதம் முடியும் சமயத்தில் நம்முடைய வீடுகளில் ஒரு கவலை குடி புகுவது வழக்கம். பையன் கணக்குப் பரீட்சையில் தேறுவானா, தேற மாட்டானா என்ற கவலைதான் அது. ஏறக்குறைய அதே சமயத்தில் கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் லட்சக்கணக்கான குடும்பங்களை வேறொரு கவலை பிடித்து ஆட்டுகிறது. "நம் ஊர் ஹாக்கிக் கோஷ்டியின் மூத்த ஆட்டக்காரரைக் கெடு நாளுக்குள் வேறு ஊருக்குத் தள்ளிவிடுவார்களா, அல்லது வைத்துக்கொள்வார்களா?" என்பதே அந்தக் கவலை. தகப்பனாரும் பிள்ளையும் இது விஷயமாக எதிர்க் கட்சிகளில் நின்று வாதாடுகிறார்கள். காப்பி ஆறிப் போவதுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஹாக்கி என்றதும் நம் நேயர்களுக்குத் தியான் சந்தும், 1928, 1932, 1936-ம் வருஷங்களின் ஒலிம்பிக் ஜயங்களும் நினைவுக்கு வரும். இது அந்த ஹாக்கி அன்று. புல் தரைக்குப் பதிலாகப் பனிக்கட்டித் தளம். பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வட்டு. கால்களிலோ கூரிய இரும்புத் தகடு பதித்த பாதரட்சைகள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது நம் பழமொழி. இந்த ஆட்டத்தில் அடி சறுக்காமல் ஓர் அங்குலம்கூட நகர முடியாது!

2008-ம் வருஷம் முதல் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் ஆட்டக்காரர்களை ஏலம் கூறுவதைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, ஆட்டக்காரர் கைமாறுவது பெரிய ஆச்சரியமாயிராது. ஆனால் ஐ.பி.எல். ஏலம் ஆட்டப் பருவம் தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. வட அமெரிக்காவில் நடப்பது அப்படியல்ல. பாதிக்கு மேல் ஆட்டங்கள் ஆடி முடிந்த பிறகு, நேற்று வரையில் ஒரு கோஷ்டிக்குக் காப்டனாயிருந்தவர் இன்று இன்னொரு கோஷ்டியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். நம் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு 'மாற்றல் உத்தரவு' வருகிறதல்லவா? அதற்காவது சில நாள் அவகாசம் உண்டு. ஹாக்கிக்காரருக்கோ, இரவில் டெலிபோன் வந்தால் மறுநாள் காலையில் ஆகாய விமானம் ஏறவேண்டியதுதான். மனைவியும் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளும் பின்னால் வருகிறபோது வரட்டும்!

கெடு எதற்கு?

விஷயத்தைச் சரியாக அறிந்துகொள்வதற்கு, அங்கே நடைமுறை எப்படி என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நாஷனல் ஹாக்கி லீக் என்ற சங்கம் 1917-ல் கனடாவிலுள்ள மான்ட்ரியால் நகரில் ஸ்தாபிக்கப்பட்டது. இப்போது அதில் முப்பத்திரண்டு கோஷ்டிகள் இருக்கின்றன. அக்டோபர் முதல் ஏப்ரல் வரையில் ஒவ்வொரு கோஷ்டியும் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுகிறது. அதன் முடிவில் பாதிக் கோஷ்டிகள், அதாவது பதினாறு கோஷ்டிகள், கிண்ணப் போட்டிக்குத் தேறுகின்றன. பிறகு நான்கு சுற்றுக்கள். ஒவ்வொரு சுற்றிலும் எதிரியை நான்கு தடவை தோற்கடிக்க வேண்டும். இப்படிப் பதினாறு ஜயங்கள் பெற்றவர்களுக்குத்தான் ஸ்டான்லி கிண்ணம் கிடைக்கும்.

கனடாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த லார்டு ஸ்டான்லி 1892-ல் அளித்த கிண்ணம் அது. வென்றவர்களின் பெயர்களை அதன் மேல் பொறிக்கிறார்கள். வென்ற கோஷ்டியைச் சேர்ந்த ஒவ்வொருவரும் அதை ஒரு நாள் தம் சொந்த ஊருக்கு எடுத்துச் சென்று, பெற்றோருக்கும் சிநேகிதர்களுக்கும் காட்டி மகிழலாம். இருபது வருஷம் ஆடி, எலும்பு முறிந்து, பல் உடைந்து, கடைசி வரையில் தம் பெயர் அந்தக் கிண்ணத்தில் ஏறாமலே ஓய்வு பெற்ற மகா வீரர்கள் பலர் உண்டு. அந்த ஏக்கம் எவ்வளவு பெரிது என்பதை மனத்தில் கொண்டால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும்.

ஆட்டப் பருவம் முடிவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு கெடு நாள் குறிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சு முதல் வாரத்திலோ வரும். அதற்குப் பிறகு கைமாறுகிறவர் யாராயிருந்தாலும் அந்த வருஷத்துக் கிண்ணப் போட்டியில் ஆட முடியாது. இந்தத் தடை இல்லாவிட்டால், பணக்காரக் கோஷ்டிகள் கடைசி நாளன்று ஊரிலுள்ள நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும் அல்லவா?

இப்போது பின்தங்கிய ஒரு கோஷ்டியை எடுத்துக்கொள்வோம். கிண்ணப் போட்டிக்குத் தேறும் நம்பிக்கை அதற்கு இல்லை. ஆனால் அதில் முப்பத்தாறு, முப்பத்தேழு வயதுள்ள ஒரு பழைய வீரர் இருக்கிறார். கால் வேகம் சற்றுக் குறைந்திருந்தாலும் மூளை வேகம் குறையவில்லை. அவருடைய ஒப்பந்தம் கோடையில் முடிகிறது. ஜூலை முதல் தேதியன்று அவர் சுதந்திர மனிதர். இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம். அப்படிப் போனால் பழைய கோஷ்டிக்குக் காலணாக்கூடக் கிடைக்காது. ஆகையால் கெடு நாளுக்கு முன்னாலேயே, கிண்ணத்தின் மேல் கண்ணாயிருக்கும் ஒரு பலமான கோஷ்டியிடம் அவரை ஒப்படைத்துவிட்டுப் பதிலுக்கு இரண்டொரு இளைஞர்களை வாங்கிக்கொள்ளலாம். அல்லது, பதினெட்டு வயதுப் பையன்களை வருஷந்தோறும் கோஷ்டிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கோஷ்டிக்குரிய முறையை வாங்கிக்கொள்ளலாம். இதுதான் அந்தப் பண்டமாற்று.

2005-ம் வருஷத்திலிருந்து இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஒரு கோஷ்டி மொத்தத்தில் இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று அந்த வருஷம் ஓர் உச்ச வரம்பு ஏற்படுத்தினார்கள். பெரிய சம்பளம் வாங்கும் பழைய ஆட்டக்காரரை ஏற்றுக்கொள்ளப் பலமான கோஷ்டியிடம் இடம் இருப்பதில்லை. அப்போது விற்கிற கோஷ்டியே அவர் சம்பளத்தில் பாதி வரையில் தன் தலையில் வைத்துக்கொண்டு அனுப்பி வைக்கிறது. பெண்ணையும் கொடுத்து வண்டிச் சத்தமும் கொடுக்கிற கதைதான்!

இரு கட்சி வாதங்கள்

"விற்றுவிடு" என்கிறவர்களின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் சொல்வதாவது: கோஷ்டி என்பது தர்ம சத்திரம் அல்ல. பழைய பெருமையை நினைத்து ஒருவரை வைத்துக்கொண்டிருந்தால், அவருடைய இடத்தில் வளரவேண்டிய இளைஞன் பெஞ்சியில் உட்கார்ந்து துருப்பிடித்துப் போவான். அந்தக் கிழவருக்குத்தான் அதனால் என்ன லாபம்? தோற்கிற கோஷ்டியில் இன்னும் இருபது ஆட்டம் ஆடுவதைக் காட்டிலும், ஜயிக்கிற கோஷ்டிக்குப் போய்க் கிண்ணத்தைத் தொட்டுப் பார்ப்பது அவருக்குச் சந்தோஷமாயிராதா?

"வைத்துக்கொள்" என்கிறவர்களும் சும்மாயில்லை. கோஷ்டி என்பது வெறும் கணக்குப் புத்தகமும் அல்ல என்கிறார்கள் அவர்கள். ஊர்ச் சிறுவர்கள் முதுகில் எந்த நம்பரைப் போட்டுக்கொண்டு தெருவில் ஆடுகிறார்களோ, அந்த நம்பருக்குரியவரை ஒரு சாயங்காலத்தில் அனுப்பிவிட்டால், மறுநாள் அந்தச் சிறுவர்களுக்கு என்ன சமாதானம் சொல்வது? அன்றியும், வரப்போகிற பையன் எப்படிப்பட்டவன் என்பது யாருக்குத் தெரியும்? காய்த்துக்கொண்டிருக்கும் மாமரத்தை வெட்டிவிட்டு, மாங்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு வருவது புத்திசாலித்தனமா?

இரண்டு வாதங்களும் வாதம் என்ற முறையில் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இந்த மாதிரி விஷயங்களில் வாதத்தைவிட அநுபவம் பெரிது. ஆகையால், நடந்த சில சம்பவங்களைப் பார்ப்போம்.

பாஸ்டன் நகரத்துப் போர்க்

1979-ம் வருஷம் பாஸ்டன் புரூயின்ஸ் என்ற கோஷ்டியில் ரே போர்க் என்ற பதினெட்டு வயதுப் பையன் வந்து சேர்ந்தான். மான்ட்ரியால் பக்கத்துப் பையன். பின்னால் நின்று கோலைக் காக்கும் ஆட்டக்காரன். அடுத்த இருபது வருஷ காலம் பாஸ்டன் ஜனங்களுக்கு ஹாக்கி என்றால் போர்க், போர்க் என்றால் ஹாக்கி என்று ஆகிவிட்டது. வருஷத்தின் சிறந்த பின்காப்பு ஆட்டக்காரருக்கு அளிக்கும் நாரிஸ் பரிசை அவர் ஐந்து தடவை பெற்றார். கோல் போட்டதும், கோல் போட உதவியதுமாக அவர் சேர்த்த 1,579 புள்ளிகளை இன்றுவரை வேறு எந்தப் பின்காப்பு ஆட்டக்காரரும் எட்டவில்லை.

அவருடைய குணத்தைக் காட்டும் ஒரு சம்பவம் உண்டு. ஆரம்பத்தில் அவர் அணிந்திருந்த நம்பர் 7. அந்தக் கோஷ்டியின் பழைய வீரர் பில் எஸ்போசிட்டோ முன்பு அணிந்திருந்ததும் அதே நம்பர்தான். 1987 டிசம்பரில் எஸ்போசிட்டோவுக்கு மரியாதை செய்யும் வைபவம் நடந்தது. போர்க் அவர் அருகில் சென்று, தாம் அணிந்திருந்த 7-ம் நம்பர் சட்டையை எல்லோர் முன்னிலையிலும் கழற்றிக் கொடுத்தார். உள்ளே 77 என்ற நம்பர் போட்ட இன்னொரு சட்டை இருந்தது! அன்று முதல் அவர் 77-ம் நம்பர்க்காரர் ஆனார்.

இவ்வளவு மரியாதை பெற்ற அந்த எஸ்போசிட்டோவைப் பாஸ்டன் கோஷ்டி என்ன செய்திருந்தது தெரியுமா? 1975-ல் நியூயார்க் கோஷ்டிக்கு மாற்றி அனுப்பியிருந்தது. அப்போது மானேஜராயிருந்தவர் ஹாரி சிண்டன். இருபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு, போர்க்கின் விஷயத்தில் தீர்மானம் செய்யவேண்டி வந்தபோதும் மானேஜர் அதே சிண்டன்தான்.

1988, 1990 ஆகிய இரண்டு வருஷங்களில் பாஸ்டன் கோஷ்டி இறுதிச் சுற்று வரையில் சென்று, எட்மன்டன் கோஷ்டியிடம் தோற்றது. பிறகு கிண்ணம் எட்டாக் கனியாகிவிட்டது. 2000-ம் வருஷத்தில் கோஷ்டி பின்தங்கிக் கிடந்தது. போர்க்குக்கு வயது முப்பத்தொன்பது. கடைசியில் அவரே, "என்னை வேறிடம் அனுப்புங்கள்" என்று கேட்கும்படி ஆயிற்று. 2000 மார்ச்சு 6-ந் தேதி அவரையும் டேவ் ஆண்ட்ரைசுக் என்ற மற்றொரு பழைய வீரரையும் கொலராடோ அவலாஞ்ச் கோஷ்டிக்கு அனுப்பினார் சிண்டன். பதிலுக்கு மூன்று இளைஞர்களும், முதல் சுற்றில் ஒரு பையனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடைத்தன.

அந்த வருஷம் கிண்ணம் கிட்டவில்லை. போர்க் இன்னும் ஒரு வருஷம் ஆடினார். 2001 ஜூன் 9-ந் தேதி, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், கொலராடோ கோஷ்டி நியூ ஜெர்ஸி கோஷ்டியை 3-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. காப்டன்தான் முதலில் கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கவேண்டும் என்பது அங்கே சம்பிரதாயம். காப்டன் ஜோ சாக்கிக் கிண்ணத்தைக் கையில் வாங்கினார். ஆனால் தூக்கவில்லை. அப்படியே திரும்பிப் போர்க்கின் கையில் கொடுத்துவிட்டார்! இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த மனிதர் அதைத் தூக்கியபோது அவர் முகம் இருந்த இருப்பைச் சலனப் படத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஹாக்கி இன்னதென்று தெரியாத நமக்கே கண்ணில் நீர் துளித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அதன்பின் நடந்ததுதான் இன்னும் விசேஷம். சில தினங்களுக்குள் போர்க் அந்தக் கிண்ணத்தைப் பாஸ்டனுக்கு எடுத்து வந்தார். நகர மண்டபத்து மைதானத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி ஆரவாரித்தார்கள். ஜயித்தது வேறு ஊர்க் கோஷ்டி, கொண்டாடியது பாஸ்டன்! அவருடைய 77-ம் நம்பரைப் பாஸ்டனும் கொலராடோவும் இனி யாருக்கும் கொடுப்பதில்லையென்று ஓய்வு கொடுத்துவிட்டன.

சரி; பாஸ்டனுக்குக் கிடைத்த லாபம் என்ன? வந்த இளைஞர்களில் பிரையன் ரோல்ஸ்டன் சில வருஷம் நன்றாக ஆடினார். சாமுவேல் போல்சன் என்பவரைச் சில மாதங்களுக்குள் அனாஹைம் கோஷ்டிக்கு அனுப்பிவிட்டார்கள்; அவர் 2007-ல் அந்தக் கோஷ்டியுடன் கிண்ணம் வென்றார். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வியாபாரக் கணக்கில் பார்த்தால், பாஸ்டன் கொடுத்தது மலை, வாங்கியது மடு. ஆயினும் அந்த ஊரில் அதற்காக யாரும் வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. ஏனெனில் அது வியாபாரமாக நடக்கவில்லை. பிரியா விடையாக நடந்தது.

போக மறுத்தவர்

இதைக் கேட்டதும், "அப்படியானால் எல்லாக் கிழச் சிங்கங்களையும் இப்படியே அனுப்பிவிடலாமே!" என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். மாட்ஸ் சுந்தீன் என்னும் ஸ்வீடன் தேசத்து வீரரின் கதையையும் கேளுங்கள்.

சுந்தீன் 1994-ல் டொரான்டோ கோஷ்டிக்கு வந்தவர். அந்த ஊர் ஜனங்களின் கண்மணியாயிருந்த காப்டன் வென்டல் கிளார்க்கைக் கொடுத்துத்தான் அவரை வாங்கினார்கள். வந்தவரை முதலில் சிலர் முறைத்துப் பார்த்தார்கள். ஆனால் 1997 முதல் அவரே காப்டனாகி, பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கோஷ்டியைத் தோளில் சுமந்தார். டொரான்டோவுக்கோ 1967-க்குப் பிறகு கிண்ணமே இல்லை.

2008 பிப்ரவரியில் கோஷ்டி பின்தங்கியிருந்தது. சுந்தீனுடைய ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிவதாயிருந்தது. அவரை அனுப்பினால் நல்ல இளைஞர்கள் பதிலுக்குக் கிடைப்பார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில், சம்மதமில்லாமல் அவரை மாற்றக்கூடாது என்ற ஷரத்து இருந்தது. நிர்வாகிகள் கேட்டார்கள், சுந்தீன் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அக்டோபரில் கோஷ்டியோடு சேர்ந்து புறப்பட்டு, வழியெல்லாம் கூடவே நடந்து வந்து அடைகிற ஜயந்தான் ஜயம் என்பது அவர் கொள்கை. கடைசிச் சில மாதங்களுக்கு மட்டும் 'வாடகை ஆட்டக்காரர்' ஆக அவருக்குப் பிரியமில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, நிலைக்கு வரும் சமயத்தில் மட்டும் வடத்தைத் தொட்டுவிட்டு, "நானும் இழுத்தேன்" என்று சொல்ல அவர் விரும்பவில்லை போலும்!

டொரான்டோவில் சிலர் அவரைக் கோபித்துக்கொண்டார்கள். "கோஷ்டியின் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டார்" என்றார்கள். அவர் போகாததால் பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். அந்த வருஷக் கடைசியில் அவர் வான்கூவர் கோஷ்டியில் சேர்ந்தார். 2009 பிப்ரவரியில் அந்தக் கோஷ்டியுடன் டொரான்டோவுக்கு ஆட வந்தபோது ஜனங்கள் எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். அன்றைக்குக் கடைசிக் கோலைப் போட்டு டொரான்டோவைத் தோற்கடித்தவரும் அவர்தான்! அந்த வருஷமே ஓய்வு பெற்றார். ஸ்டான்லி கிண்ணத்தில் அவர் பெயர் இல்லை. அதனால் அவருக்குக் குறைவு வந்துவிட்டதாக நாம் நினைக்கவில்லை. தம் பெருமை எதில் இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிற உரிமை அவருக்கு இருந்தது. அதை அவர் உபயோகித்துக்கொண்டார்.

காலம் தவறிய வியாபாரம்

மூன்றாவது கதை கால்கரி நகரத்தது. 1995 டிசம்பரில் கால்கரி கோஷ்டி, 1989-ல் தனக்குக் கிண்ணம் வாங்கித் தந்தவர்களில் ஒருவரான ஜோ நியூவென்டைக் என்பவரை டல்லாஸ் கோஷ்டிக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்களில் ஜரோம் இகின்லா என்ற பதினெட்டு வயதுப் பையனும் ஒருவன். நியூவென்டைக் 1999-ல் டல்லாஸுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையனோ கால்கரிக்காக 525 கோல் போட்டு, அந்தக் கோஷ்டியின் சரித்திரத்திலேயே முதல்வனானான். இரண்டு பக்கமும் மகிழ்ந்த பண்டமாற்று இது ஒன்றுதான் போலும்.

ஆனால் காலச் சக்கரம் சுழன்றது. 2004-ல் இகின்லாவைக் காப்டனாகக் கொண்ட கால்கரி கோஷ்டி இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் கிண்ணத்தைத் தவற விட்டது. 2010, 2011, 2012 ஆகிய மூன்று வருஷங்களிலும் கிண்ணப் போட்டிக்கே தேறவில்லை. அப்போதே தீர்மானம் செய்திருக்கலாம். "இந்த வருஷம் பார்ப்போம், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று நாளைக் கடத்தினார்கள். 2013 மார்ச்சுக் கடைசியில், கெடு நாளுக்குச் சில தினங்களே இருக்கையில், முப்பத்தைந்து வயதான இகின்லாவைப் பிட்ஸ்பர்க் கோஷ்டிக்கு அனுப்பினார்கள்.

பாஸ்டன் கோஷ்டியும் அவரைக் கேட்டிருந்தது. அவர் பிட்ஸ்பர்க்கைத்தான் விரும்பினார். விதியின் வேடிக்கையைப் பாருங்கள்: அந்த வருஷம் அரை இறுதிச் சுற்றில் பிட்ஸ்பர்க்கை நான்கு ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்கடித்தது அதே பாஸ்டன் கோஷ்டிதான். நான்கு ஆட்டங்களிலும் சேர்த்துப் பிட்ஸ்பர்க் போட்டது இரண்டே கோல். இகின்லா பிறகு இரண்டு மூன்று ஊர்களுக்குப் போய் ஆடிவிட்டுக் கிண்ணமில்லாமலே 2018-ல் ஓய்வு பெற்றார். கால்கரிக்குப் பதிலாகக் கிடைத்த இரண்டு இளைஞர்களும், முதல் சுற்று உரிமையில் தேர்ந்தெடுத்த பையனும் அங்கே நிலைத்து நிற்கவில்லை. உள்ளதும் போயிற்று, வருவதும் வரவில்லை.

மறுபடியும் பாஸ்டன்

இந்தக் கதைகளையெல்லாம் படித்த பிறகும் பாஸ்டன் நிர்வாகிகளுக்கு இன்னொரு பரீட்சை வந்தது. போர்க் போய் இருபத்தைந்து வருஷம் நிறைந்த மறுநாள், அதாவது 2025 மார்ச்சு 7-ந் தேதி, காப்டன் பிராட் மார்ஷாண்டைப் புளோரிடா பாந்தர்ஸ் கோஷ்டிக்கு மாற்றினார்கள். அவருக்கு வயது முப்பத்தாறு. 2011-ல் பாஸ்டன் கிண்ணம் வென்றபோது கூட இருந்தவர். புது ஒப்பந்தத்தைப் பற்றி நடந்த பேச்சு முடிவுக்கு வரவில்லை. அச்சமயம் அவர் காயம் பட்டு ஆட முடியாமலும் இருந்தார். ஆகவே பதிலுக்குக் கிடைத்தது இரண்டாம் சுற்றில் ஒரு பையனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்றுதான். புளோரிடா கிண்ணப் போட்டியில் முன்னேறினால் அது முதல் சுற்று உரிமையாக உயரும் என்று ஒரு நிபந்தனை.

உயர்ந்தது! அந்த ஜூன் மாதத்தில் புளோரிடா கோஷ்டி எட்மன்டனைத் தோற்கடித்துக் கிண்ணம் வென்றது. இறுதிச் சுற்றில் மட்டும் மார்ஷாண்ட் ஆறு கோல் போட்டார். 'கிழவர்' என்று நினைத்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். புளோரிடாவோ அவருடன் ஆறு வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் செய்துகொண்டது. பாஸ்டன் ஜனங்கள் இந்தத் தடவை முழு மனத்தோடு கொண்டாடியிருக்க முடியாது. போர்க் தாமாகக் கேட்டுப் போனார். மார்ஷாண்ட், பேரம் படியாததால் போனார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

நம் அபிப்பிராயம்

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "விற்பதா, வைத்துக்கொள்வதா? உங்கள் கட்சி எது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது நியாயமல்ல. நம்முடைய அபிப்பிராயம் இதுதான்: பின்தங்கிய கோஷ்டி மூத்த ஆட்டக்காரரை அனுப்புவது தவறல்ல, சில சமயம் அனுப்பாமலிருப்பதே தவறு. ஆனால் அந்தத் தீர்மானத்தின் முதல் வார்த்தை அவருடைய வாயிலிருந்து வரவேண்டும்.

நிர்வாகி முதலில் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த மனிதருடைய கால்களில் பலம் இருக்கும் காலத்துக்குள் நம் கோஷ்டி கிண்ணத்தை நெருங்குமா? நெருங்காது என்பது தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது அன்பு அல்ல; கோழைத்தனம். கால்கரி அப்படித்தான் மூன்று வருஷத்தை வீணாக்கிற்று. பிறகு, பத்திரிகை நிருபருக்குச் சொல்லுமுன் அந்த ஆட்டக்காரரிடம் நேரில் சொல்லவேண்டும். "நிலைமை இது. நீர் என்ன விரும்புகிறீர்?" என்று கேட்கவேண்டும். போர்க்கைப் போல் போகிறேன் என்றால், அவருக்கு ஜயிக்கிற இடமாகப் பார்த்து அனுப்பவேண்டும். சுந்தீனைப் போல் இருக்கிறேன் என்றால், மனம் கோணாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கிடைக்கிற விலையில் கொஞ்சம் கூடுகிறதா, குறைகிறதா என்பது அதற்குப் பிற்பாடு பார்க்கவேண்டிய விஷயம்.

"இது ஆட்டக்காரருக்கு நல்லது, கோஷ்டிக்கு நஷ்டமல்லவா?" என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்கலாம். நஷ்டமில்லை என்பதே நம் எண்ணம். போர்க்குக்குப் பதிலாக வந்தவர்களையும் இகின்லாவுக்குப் பதிலாக வந்தவர்களையும் பார்த்தோம். கெடு நாள் அவசரத்தில் வாங்குகிற சரக்கு பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. அந்த அற்ப லாபத்துக்காக இழக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. கோஷ்டியிலுள்ள இருபது வயதுப் பையன்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இருபது வருஷம் உழைத்தவரை எப்படி வழி அனுப்புகிறார்கள் என்பதிலிருந்துதான், நாளைக்குத் தங்கள் கதி என்னவென்பதை அவர்கள் அறிகிறார்கள். அதன்படிதான் அவர்கள் உடம்பைக் கொடுத்து ஆடுவதும், கொடுக்காமல் ஆடுவதும்.

இதை எழுதும்போது ஹாக்கியைத் தவிர வேறு விஷயங்களும் நம் மனத்தில் வராமலில்லை. ஆபீஸ்களில் முப்பது வருஷம் வேலை பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள். கடைகளில் முதலாளியோடு கூடவே நரைத்துப்போன கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டிலேயே, "அப்பாவைத் தம்பியிடம் அனுப்பலாமா, இங்கேயே இருக்கட்டுமா?" என்று அடுத்த அறையில் தாழ்ந்த குரலில் நடக்கிற ஆலோசனைகள் இருக்கின்றன. அந்த ஆலோசனையில் தீர்மானம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். பெரியவரையும் அந்த அறைக்குள் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதுதான் நமக்குத் தெரியவேண்டியது. அப்படிக் கேட்டு அனுப்பினால், போகிற இடத்தில் கிண்ணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒரு நாள் அவர் சிரித்த முகத்தோடு பழைய வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார்.